வட்டம் அடிக்காத ரயில்: மேசை ரயிலில் ஷண்டிங் தடம் என்றால் என்ன, எப்படிப் போடுவது?

மேசை ரயில் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பிறந்தநாள் பரிசுப் பெட்டியில் வரும் வட்டத் தடம். ரயில் சுற்றும், சுற்றும், பத்தாவது நிமிடத்தில் பிள்ளை எழுந்து போய்விடும். யாராவது ‘ஷண்டிங் லேஅவுட்’ என்று சொன்னால், வட்டம் போட இடமில்லாதவர்கள் சுவரோரம் ஒட்டவைக்கும் பாதி ரயில் அது என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் அதை வெறும் மூளைப்புதிர் என்கிறார்கள். இன்னும் சிலர் கடையில் கிடைத்த பாயிண்டுகளை (தடத்தைப் பிரிக்கும் துண்டுகளை) எல்லாம் வாங்கி ஒரு பலகையில் நெருக்கி வைத்து, அதற்கு யார்டு என்று பெயர் சூட்டுகிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறையத் தப்பு உண்டு.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், தரைவீட்டு ஹாலின் ஒரு சுவர்தான் கிடைக்கும் என்றால் இந்த வகை ரயில்தான் பொருத்தம். ஆனால் அது எதற்காக இருக்கிறது என்று புரியாமல் ஆணி அடிக்கத் தொடங்கினால் பலகையும் போகும், ஆசையும் போகும்.

## போர்ச்சில் இரண்டு கார்

தரைவீட்டுப் போர்ச்சில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார் நிற்கிறது. உள்ளே நிற்கும் கார் காலை வேலைக்குப் போகவேண்டும். வெளியே நிற்பதை எடுத்துச் சாலையில் ஓரங்கட்டி, உள்காரை எடுத்து, பிறகு வெளிக்காரைத் திரும்ப உள்ளே விடவேண்டும். சாலையில் ஓரங்கட்ட இடமில்லை என்றால்? அடுத்த தெருவரை போய்ச் சுற்றிவரவேண்டும். இத்தனைக்கும் நோக்கம் ஒரே ஒரு காரை எடுப்பது.

இதுதான் ஷண்டிங். சரக்குப் பெட்டிகளை வேண்டிய வரிசையில், வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்காக இன்ஜின் செய்யும் முன்னும் பின்னுமான வேலை. கார் என்றால் பக்கவாட்டில் ஒதுங்கலாம். தண்டவாளத்தில் ஒதுங்க முடியாது, முந்தவும் முடியாது. ஒரு முனை அடைபட்ட தடத்தில் கடைசியாகப் போன பெட்டிதான் முதலில் வெளியே வரும். அப்படி முனை அடைபட்ட தடத்துக்கு சைடிங் என்று பெயர். ஒரு தடத்தை இரண்டாகப் பிரிக்கும் நகரும் நாக்குள்ள துண்டுக்குப் பாயிண்ட் என்று பெயர்.

செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் எளிது. பழைய மாதிரி ஆலைகளில் குலைகளைக் கொட்டிய கேஜ்கள் (கூண்டு வண்டிகள்) தண்டவாளத்தில் வரிசையாக நிற்கும். வின்ச் இழுக்க, குலையை வேகவைக்கும் நீண்ட உருளையான ஸ்டெரிலைசருக்குள் போகும். வெந்த கேஜ் வெளியே வரும், காலிக் கேஜ் திரும்ப ரேம்புக்குப் போகும். நடுவில் ஒரு கேஜ் தப்பான வரிசையில் நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் காத்திருக்கும். யாரும் அதைப் புதிர் என்று சொல்வதில்லை. அது ஷிப்டு வேலை. பேராக்கில் தெலுக் இந்தான் பக்கம் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் தோட்டங்களில் குலை ஏற்ற இன்றும் 700 மி.மீ. அகலச் சிறு ரயில் ஓடுகிறது. பெட்டியை வரிசைப்படுத்தும் அதே கணக்கு அங்கேயும் உண்டு.

சுருக்கமாக: வட்டத் தடத்தில் ரயில் ஓடுவது காட்சி. ஷண்டிங் தடத்தில் ரயில் வேலை செய்கிறது. எந்தப் பெட்டி எங்கே நிற்கவேண்டும் என்பதுதான் கதை.

## நகரத்துக்குள் நுழைந்த சரக்குத் தடம்

இந்த வகை மேசை ரயிலின் மூலம் பெரும்பாலும் அமெரிக்க நகரங்கள். லாரி ஆதிக்கம் வருவதற்கு முன், தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நெருங்கிய தெருக்களுக்குள் ரயில் கிளைகள் நுழைந்தன. நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள புஷ் டெர்மினல் என்ற கிடங்கு வளாகத்துக்கு, துறைமுகத்தைத் தாண்டிப் பெட்டிகள் தோணியில் ஏற்றி வரப்பட்டன. கரை இறங்கியதும் சிறு இன்ஜின் அவற்றைத் தெருவழியே இழுத்துக் கிடங்குக் கதவுகளில் நிறுத்தியது. வளைவுகள் கடுமை, வேகம் நடைவேகம், ரயில் என்றால் நாலைந்து பெட்டி. சிறு பலகைக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி இல்லை, ஏனென்றால் இங்கே அசலே சிறியது.

இன்ஜினும் அப்படித்தான். ஜெனரல் எலக்ட்ரிக் 1940 முதல் செய்த ‘44 டன்’ டீசல் இன்ஜினின் எடை தற்செயல் அல்ல. 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள இன்ஜினில் ஓட்டுநரோடு உதவியாளரும் இருக்கவேண்டும் என்று 1937 தொழிற்சங்க ஒப்பந்தம் சொன்னது. 44 அமெரிக்க டன் என்றால் 88,000 பவுண்டு. ஓர் ஆள் கூலி மிச்சம்! இப்படி ஒரு குட்டி இன்ஜின் உங்கள் பலகையில் நின்றால் அது ஏன் குட்டி என்பதற்கும் பதில் இருக்கிறது.

நம் நாட்டில் முதல் ரயிலே சரக்குக்காக வந்ததுதான்: 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயம் ஏற்ற. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு இருந்தது; அந்த நிலத்தில்தான் 2001 இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பிறை, கிள்ளான் துறைமுகப் பக்கங்களில் சரக்குத் தடங்களைப் பார்க்கலாம். கேடிஎம் (மலேசிய ரயில்வே) பெட்டிகளை அப்படியே சிறிதாக்க ஆசைப்பட்டால் ஒரு சிக்கல்: நம் தடம் 1,000 மி.மீ. அகலம், கடையில் எளிதாகக் கிடைக்கும் மாதிரித் தடமோ அமெரிக்க, ஐரோப்பிய 1,435 மி.மீ. தடத்தைச் சுருக்கியது. 1:87 அளவில் மீட்டர் தடத்துக்கு 12 மி.மீ. அகலத் தண்டவாளம் விற்கிறது, ஆனால் வண்டிகளைப் பெரும்பாலும் நீங்களே கட்டவேண்டியிருக்கும். முதல் பலகைக்கு அது வேண்டாம்.

இந்தக் கட்டுரை முழுவதும் எச்ஓ அளவையே எடுத்துக்கொள்கிறோம்: அசலில் 87 இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதில் 40 அடிப் பெட்டி கொக்கியோடு சேர்த்து சுமார் 15 செ.மீ. சிறு ஷண்டிங் இன்ஜினும் ஏறத்தாழ அதே நீளம். ‘என்’ (N) எனப்படும் அளவு 160 இல் ஒரு பங்கு. இடம் மிச்சம், ஆனால் கொக்கி கழற்றுவதும் மெல்ல ஓட்டுவதும் கைக்குக் கடினம். ஷண்டிங்குக்குப் பெரிய அளவே நல்லது.

## முகமும் முதுகும்

இந்த விஷயத்தில் புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று போவோம்.

ஆலை ரேம்பில் குலை கொட்ட வரும் லாரி எப்படி நிற்கும்? ரேம்பைத் தாண்டிப் போய், பின்னோக்கி வந்து, பின்பக்கத்தை ரேம்புக்குக் கொடுக்கும். மூக்கை உள்ளே விட்டால் குலையைக் கொட்ட முடியாது. ரயிலிலும் அதேதான். இன்ஜின் முன்னால், பெட்டி பின்னால் வருகிறது. சைடிங்கின் வாயைத் தாண்டி நின்று, பாயிண்டை மாற்றி, பின்னோக்கித் தள்ளினால் பெட்டி முதலில் உள்ளே போகும். கொக்கியைக் கழற்றிவிட்டு இன்ஜின் கிளம்பிவிடலாம். இது முதுகு காட்டும் பாயிண்ட்.

அதே சைடிங் எதிர்ப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தால், வரும் ரயிலுக்கு அது முகம் காட்டும் பாயிண்ட். இப்போது இன்ஜின்தான் முதலில் உள்ளே போகும், பெட்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். பெட்டியை விட்டுவிட்டு வரலாம் என்றால் இன்ஜின் முனை அடைபட்ட பக்கம் சிக்கிக்கொள்ளும். பெட்டியை உள்ளே விட, இன்ஜின் பெட்டிக்குப் பின்னால் போயாகவேண்டும்.

அதற்குத்தான் லூப். பக்கத்தில் பக்கமாக இரண்டு தடம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பாயிண்ட். பெட்டிகளை ஒரு தடத்தில் விட்டு, இன்ஜின் அடுத்த தடம் வழியே சுற்றி மறுமுனைக்கு வரும். (கடையில் லூப் என்று கேட்டால் வட்டத் தடத்தை எடுத்து நீட்டுவார்கள், விளக்கிச் சொல்லுங்கள்.) இரண்டு முனையிலும் இன்ஜின் நின்று திரும்ப அதன் நீளத்துக்கு மிச்சத் தடம் வேண்டும். பலர் இதை மறந்து, லூப்பைப் பலகையின் நுனிவரை இழுத்துவிட்டு, இன்ஜின் திரும்ப இடமில்லாமல் விழிப்பார்கள்.

லூப்புக்கு ஆகும் இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பெட்டி நிற்க 45 செ.மீ.; சிறிய பாயிண்ட் இரண்டு, பெக்கோ நிறுவனத்தின் சிறு வளைவு வகை என்றால் ஒவ்வொன்றும் 18.5 செ.மீ.; பாயிண்டை ஒட்டி நிற்கும் பெட்டி பக்கத்துத் தடத்து வண்டியில் இடிக்காமலிருக்க இரண்டு பக்கமும் 12 செ.மீ.; முனைகளில் இன்ஜினுக்கு 16, 16. மொத்தம் 138 செ.மீ. எட்டு அடிப் பலகை என்பது 244 செ.மீ. பாதிக்கு மேல் லூப்பே விழுங்கிவிடும். அதனால் முதல் பலகையில் எல்லா சைடிங்கையும் இன்ஜினுக்கு ஒரே பக்கம் திறக்கும்படி வைத்து, லூப்பையே தவிர்க்கிறோம்.

நினைவில் வைக்க: பெட்டி முதலில் உள்ளே போனால் முதுகு காட்டும் பாயிண்ட், இன்ஜின் முதலில் போனால் முகம் காட்டும் பாயிண்ட். இரண்டாவது வகை ஒன்று வைத்தாலும் லூப் வேண்டும்.

## ஒரு பெட்டி நீளத்தின் விலை

பாயிண்டைத் தாண்டி இன்ஜின் பின்வாங்கி நிற்கும் முனை அடைபட்ட தடம் இருக்கிறதே, அதைத் தலைத்தடம் என்போம். போர்ச் உதாரணத்தில் வெளியே சாலையோரம் கிடைத்த இடம் அதுதான். மேசையில் பார்க்க இதுதான் சப்பையான துண்டு. தொழிற்சாலை கிடையாது, அழகு கிடையாது. ஆனால் ஆட்டத்தையே அதுதான் தீர்மானிக்கிறது.

முதல் சைடிங்கில் அ, ஆ, இ என்று மூன்று பெட்டி. அ வாசல் பக்கம், இ உள்முனை. நமக்கு வேண்டியது இ; அதை இரண்டாவது சைடிங்கில் விடவேண்டும், மற்ற இரண்டும் பழைய இடத்துக்குப் போகவேண்டும். இன்ஜின் ஏற்கெனவே அ-வோடு கொக்கி மாட்டி நிற்கிறது.

தலைத்தடத்தில் இன்ஜினும் மூன்று பெட்டியும் கொள்ளும் என்றால்: மூன்றையும் வெளியே இழு, இரண்டாவது சைடிங்கில் தள்ளி இ-யைக் கழற்று, மற்ற இரண்டோடு வெளியே வா, முதல் சைடிங்கில் தள்ளு. நான்கு நகர்வு.

தலைத்தடத்தில் இரண்டு பெட்டிதான் கொள்ளும் என்றால்: அ, ஆ இரண்டையும் வெளியே இழு, மூன்றாவது சைடிங்கில் விடு, வெறும் இன்ஜின் வெளியே வா, முதல் சைடிங்குக்குப் போய் இ-யை மாட்டு, வெளியே இழு, இரண்டாவதில் விடு, வெளியே வா, மூன்றாவதுக்குப் போய் அ, ஆ-வை மாட்டு, வெளியே இழு, முதல் சைடிங்கில் தள்ளு. பத்து நகர்வு.

15 செ.மீ. குறைந்ததற்கு ஆறு நகர்வு கூடுதல். ஷண்டிங் தடம் வரையும்போது பாயிண்டுகளின் எண்ணிக்கையைவிட இந்த ஒரு அளவைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும். மிக நீளமாக விட்டால் சவாலே இருக்காது. மிகக் குட்டையாக விட்டால் கை வலிக்கும்.

## ஐந்து, மூன்று, மூன்று

இந்தச் சமநிலையைப் பிடித்தவர் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் வடக்கே கில்ஹாம் என்ற இடத்தில் இருந்த சிறு சைடிங்கைப் பார்த்து அவர் அமைத்த மாதிரிக்கு இங்கிள்நூக் சைடிங்ஸ் என்று பெயர். விதி எளிது. மூன்று சைடிங்: ஒன்றில் ஐந்து பெட்டி கொள்ளும், மற்ற இரண்டில் மும்மூன்று. தலைத்தடத்தில் இன்ஜினும் மூன்று பெட்டியும். பாயிண்ட் இரண்டே இரண்டு. மொத்தம் எட்டுப் பெட்டி. அதில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ஐந்து பெட்டித் தடத்தில் நிறுத்தவேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 8×7×6×5×4, அதாவது 6,720 வழி. தினம் ஒன்று என்று ஆடினாலும் பதினெட்டு வருஷம் தாண்டும்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் 1972 இல் வெளியிட்ட ‘டைம்சேவர்’ இன்னொரு புகழ்பெற்ற அமைப்பு. அது போட்டிக்காகச் செய்த விளையாட்டுப் பலகை; தடங்களை வேண்டுமென்றே இறுக்கி, கடிகாரத்தோடு ஆட வைத்தது. அதை அப்படியே எடுத்துத் தொழிற்சாலைகளை ஒட்டி ‘நகரச் சரக்குத் தடம்’ என்று காட்டுவது இன்றும் நடக்கிறது. அசல் ரயில்காரர்கள் அப்படி ஒரு தடம் போட்டிருந்தால் மேலதிகாரி கேள்வி கேட்டிருப்பார். வேலையைக் கடினமாக்க எந்த ரயில்வேயும் தண்டவாளம் போடுவதில்லை. ஷண்டிங்கைப் புதிர் என்று எல்லோரும் நினைப்பதற்கு இந்த ஒரு பலகைதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

## பலகையும் அளவும்

ஹார்ட்வேர் கடையில் 8×4 அடி பிளைவுட் ஒன்று வாங்கி, நீளவாக்கில் நான்காக அறுக்கச் சொல்லுங்கள். எட்டடி நீளம், ஒரு அடி அகலத்தில் நான்கு பலகை. ஒன்று தடத்துக்கு, ஒன்று பின்சுவருக்கு, மூன்றாவதைப் பட்டையாக அறுத்தால் அடிச்சட்டம். தடிமன் 12 மி.மீ. இருக்கட்டும், 9 மி.மீ. என்றால் அடிச்சட்டம் நெருக்கமாக வேண்டும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை) வேண்டவே வேண்டாம்: ஒரு மழைக்காலம் போதும், ஓரம் அப்பம் மாதிரி ஊதிவிடும்.

இடது முனையிலிருந்து அளந்து வாருங்கள். முதல் 65 செ.மீ. தலைத்தடம் (இன்ஜின் 15, பெட்டி மூன்று 45, முனையில் கொஞ்சம் மூச்சுவிட 5). அங்கே முதல் பாயிண்ட், 83.5 வரை. அதன் நேர்த்தடம் ஐந்து பெட்டி சைடிங்: 12 செ.மீ. விட்டு, 75 செ.மீ. நிற்குமிடம், 170.5 இல் முடிகிறது. பிரியும் தடத்தில் உடனே இரண்டாவது பாயிண்ட், 102 வரை. அதிலிருந்து மூன்று பெட்டி சைடிங் இரண்டு, 12 விட்டு 45, சுமார் 159 இல் முடிகின்றன. தடத்துக்குத் தடம் நடுவிலிருந்து நடு 5 செ.மீ. ஆக மூன்று தடமும் அகலத்தில் 10 செ.மீ. இடைவெளியில் அடங்கிவிடும், மிச்சம் 20 செ.மீ. கட்டடத்துக்கும் தெருவுக்கும்.

வலது முனையில் 70 செ.மீ.க்கு மேல் சும்மா கிடக்கிறது. இங்கேதான் கை துறுதுறுக்கும்: இன்னொரு பாயிண்ட் வைத்தால் என்ன? வைக்காதீர்கள். அந்த இடத்தைத் தெருவாக மாற்றுங்கள். பாயிண்டுகளுக்கும் நிற்குமிடத்துக்கும் நடுவே 15, 20 செ.மீ. அகலத்தில் ஒரு சாலைக் கடவு போட்டு, ‘கடவில் பெட்டி நிற்கக்கூடாது’ என்று ஒரு விதி வைத்தால், பாயிண்ட் சேர்க்காமலேயே வேலை கூடும். மிச்சத்தை இரண்டு தொழிற்சாலைக் கதவுகளுக்கு நடுவே இடைவெளியாக விடுங்கள்.

வாங்கவேண்டியது: 91.4 செ.மீ. வளையும் தண்டவாளம் ஐந்து துண்டு, சிறு பாயிண்ட் இரண்டு (இரண்டும் ஒரே பக்கம் பிரிபவை அல்லது எதிரெதிர்ப் பக்கம் பிரிபவை, உங்கள் சுவரைப் பொறுத்து), உலோக இணைப்பான் ஒரு பாக்கெட், பிளாஸ்டிக் இணைப்பான் ஒரு பாக்கெட், இன்ஜின் ஒன்று, பெட்டி எட்டு, 12 வோல்ட் நேர்மின் கன்ட்ரோலர் ஒன்று. தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். பழைய பித்தளைத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் நம் ஈரக்காற்றில் வாராவாரம் தேய்க்கவேண்டியிருக்கும்.

பலகையை இடுப்புக்கு மேலே, 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள், தாங்கிக்குத் தாங்கி 60 செ.மீ. ஷண்டிங் நின்றுகொண்டு செய்யும் வேலை. சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி மாட்டினால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

## இன்ஜின் ஏன் பாயிண்டில் நின்றுவிடுகிறது?

மின்சாரம் இரண்டு தண்டவாளத்தின் வழியாகச் சக்கரத்துக்கு வருகிறது. பாயிண்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கே வெட்டும் வி வடிவ இடத்துக்கு ஃபிராக் என்று பெயர். சில பாயிண்டுகளில் அந்த இடம் பிளாஸ்டிக். அதில் மின்சாரம் இல்லை. நீளமான இன்ஜின் எட்டுச் சக்கரத்தோடு வேகமாகத் தாண்டிவிடும். ஷண்டிங் இன்ஜினோ குட்டி, அதிலும் நடைவேகம். இரண்டு சக்கரம் செத்த இடத்தில், இன்னொன்று தூசியில், நின்றுவிடும். விரலால் தள்ளிவிடத் தொடங்கினால் மாயை கலைந்துவிட்டது.

தீர்வு: உலோக ஃபிராக் உள்ள பாயிண்ட் வாங்கி, அதற்கு மின்சாரம் கொடுங்கள். மூன்று முனையுள்ள ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்று போதும். நடுமுனை ஃபிராக்குக்கு, ஓர முனைகள் இரண்டு வெளித்தண்டவாளத்துக்கு. பாயிண்டின் நாக்கை நகர்த்தும் அதே கம்பி ஸ்விட்சையும் நகர்த்தும்படி பலகைக்கு அடியில் பொருத்தினால் தனியாக நினைவு வைக்கவேண்டாம். ஃபிராக்கைத் தாண்டிப் போகும் இரண்டு உள்தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போடவேண்டும். மறந்தால் ஷார்ட் சர்க்கியூட். ஓர முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் ஷார்ட்தான். அப்படி ஆனால் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றுங்கள், மற்றதைப் பிரித்துப் போடாதீர்கள்.

இன்னொன்று: உலோக இணைப்பான் மின்சாரம் கடத்தும் என்று நம்பவேண்டாம். புதிதாக இருக்கும்போது கடத்தும், ஆறு மாதத்தில் உள்ளே மங்கல் பிடிக்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு மெல்லிய வயர் பற்றவைத்து, பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு தடித்த வயரில் சேர்த்துவிடுங்கள். ஐந்து துண்டுக்குப் பத்து வயர். ஒரு சாயங்கால வேலை.

டிசிசி என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. ஒரே தடத்தில் பல இன்ஜினைத் தனித்தனியாக ஓட்டலாம், சத்தமும் வரும். ஒரே இன்ஜினுக்கு அது அவசியமில்லை.

## கொக்கி, எடை, வேகம்

அமெரிக்க எச்ஓ பெட்டிகளில் விரல் மடக்கிய மாதிரிக் கொக்கி இருக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும்: தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கொக்கியின் நடுவரை ஏறக்குறைய 10 மி.மீ. ஒன்று தாழ்ந்தால் தள்ளும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறும், பெட்டி கழன்று விழும். உயரம் பார்க்கும் அளவுகோலைக் கேடி நிறுவனம் விற்கிறது. அதை ஒருமுறை வாங்கினால் போதும்.

கழற்றுவதற்கு உலகம் முழுவதும் மூங்கில் குச்சிதான் பயன்படுகிறது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? சாத்தே குச்சியின் நுனியைக் கொஞ்சம் சீவி, இரண்டு கொக்கிக்கும் நடுவே மேலிருந்து விட்டு, மெல்லத் திருகினால் பிரியும். கழுவிய குச்சியாக இருக்கட்டும், எண்ணெய் தண்டவாளத்துக்கு ஆகாது.

இலேசான பெட்டி இழுக்கும்போது நன்றாக வரும், தள்ளும்போது பாயிண்டில் ஏறிவிடும். ஷண்டிங்கில் பாதி வேலை தள்ளுவதுதான். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் எடை, எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 15 செ.மீ. பெட்டிக்குச் சுமார் 110 கிராம். குறைந்தால் தூண்டில் ஈயக்குண்டையோ வாஷரையோ உள்ளே ஒட்டுங்கள், நடுவில், தாழ்வாக. அப்படியும் ஒரே பெட்டி மட்டும் அடிக்கடி விழுந்தால் அதன் சக்கர இடைவெளியைப் பாருங்கள்: உள்முகத்திலிருந்து உள்முகம் சுமார் 14.4 மி.மீ. இருக்கவேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் குற்றம் பெட்டியில் இல்லை, தடத்தில்.

வேகம்தான் பார்ப்பவரை நம்ப வைப்பது. அசலில் மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது 87 இல் ஒரு பங்காகச் சுருங்கினால் வினாடிக்கு 3.2 செ.மீ. ஒரு மீட்டரைக் கடக்க 31 வினாடி. கைக்கடிகாரம் வைத்துப் பாருங்கள், நினைத்ததைவிட எவ்வளவு மெதுவு என்று தெரியும். இந்த வேகத்தில் தடுமாறாமல் ஓடும் இன்ஜின்தான் நல்ல இன்ஜின். பணத்தைச் சேர்த்துவைத்து இன்ஜினில் போடுங்கள். பெட்டி எந்தப் பழைய கடையிலும் கிடைக்கும்.

மீண்டும் ஒரு வரி: நின்றால் மின்சாரம், விழுந்தால் எடை அல்லது சக்கரம், ஏறினால் கொக்கி உயரம்.

## நம் ஊர்க் காற்று

வெளிநாட்டுப் புத்தகங்கள் குளிர்காலத்துக் கராஜ் பற்றி எழுதும். இங்கே எதிரிகள் வேறு. பிளைவுட் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். அறுத்த ஓரங்கள் உட்பட ஆறு முகத்துக்கும் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் தடம் போடவேண்டும். தண்டவாள இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் தடம் நெளிந்து கிடக்கும். பல்லி எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் சக்கரம் அங்கே செத்துப்போகும். விளையாடி முடித்ததும் பழைய கைலியோ சாரோங்கோ எடுத்து மூடிவிடுங்கள். துடைக்க ஐசோபுரோபில் ஆல்கஹால், துணியில் நனைத்து. மணல்தாள் கூடாது, கீறலில் அழுக்கு குடியேறும்.

கல் பரப்பும் அவசரமும் வேண்டாம். தடத்தை வெறும் பலகையில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். குறை எல்லாம் வெளியே வந்தபிறகு மண் ஒட்டலாம்: வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பாயிண்டின் நாக்கு நகரும் இடத்தில் பசை படக்கூடாது. நகரத் தொழிற்பேட்டைத் தடத்துக்கு அழகான கல்லே தேவையில்லை. பாதி மண்ணில் புதைந்து, நடுவில் லாலான் புல் முளைத்துக் கிடந்தால்தான் பொருத்தம்.

## கதவு எண் 2

கட்டடம் முழுதாக வேண்டாம். பின்பலகையில் 3, 4 செ.மீ. தடிமனில் முன்சுவர் மட்டும் போதும். அதில் முக்கியம் கதவு. ‘கிடங்கு’ என்று பொதுவாகச் சொல்லாமல், கதவு 1, கதவு 2, கதவு 3 என்று எண் போடுங்கள். மாவு இறங்குவது 1 இல், காகித உருளை 2 இல், எண்ணெய் டேங்கர் 3 இல் உள்ள குழாய்க்கு நேரே. இப்போது டேங்கர் எங்கேயாவது நின்றால் போதாது, குழாயோடு பொருந்தவேண்டும். கதவு 2 இல் பாதி இறக்கிய பெட்டி நிற்கிறது, 3 க்குப் போகும் டேங்கருக்கு வழிவிட அதை எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப அதே கதவில் வைக்கவேண்டும். போர்ச்சில் வெளியே நின்ற காரின் கதைதான்.

உள்ளூர்ச் சாயல் வேண்டுமென்றால் ஒரு கதவை ரப்பர் கிடங்காக்கலாம். 33.3 கிலோ எடையுள்ள ரப்பர்க் கட்டி 1:87 இல் சுமார் 8×4×2 மி.மீ.; வெளிர்ப் பழுப்புப் பெயின்ட் அடித்த அட்டையை நறுக்கினால் ஒரு பெட்டி நிறையக் கிடைக்கும்.

கடைசியாகச் சீட்டு. எட்டுப் பெட்டிக்கு எட்டு அட்டை. ஒவ்வொன்றிலும் பெட்டி எண், முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ‘வெளியூர்’. ஐந்து பெட்டித் தடத்தை வெளியூர்ப் பெட்டிகள் காத்திருக்கும் இடமாகவும், மும்மூன்று தடங்களைத் தொழிற்சாலைகளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைக் குலுக்கி, மேலே வந்த நான்கை எடுத்து, அதில் உள்ளபடி பெட்டிகளைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கடவைத் தாண்டுமுன் இன்ஜினை நிறுத்தி மூன்று எண்ணுங்கள். அசலில் அந்த நேரத்தில் ஒரு ஆள் இறங்கிக் கொடி காட்டுவார். கொக்கி மாட்டியதும் ஐந்து எண்ணுங்கள், பிரேக் குழாய் இணைக்க. வேலை முடிந்த அட்டையைத் திருப்பி அடியில் செருகுங்கள். அடுத்து அதன் முறை வரும்போது அதே பெட்டி வெளியூர் கிளம்பும்.